பதிமூன்றாம் மாதம் பிறந்தவள்

ஹிருத்துக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவளுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது என்று அமெரிக்க அரசாங்கம் ஒரு அட்டை அடித்து அனுப்பியது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை அட்டை. படத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு குழந்தை முழித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிறந்த தேதி: மார்ச் 13, 1999. அடித்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் தேதியைப் படிக்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

அட்டையைக் கையில் வாங்கியதும் அவள் அம்மா ஸெனெபு தலையில் அடித்துக்கொண்டாள்.

"மார்ச்சாம்ல மார்ச்சு! ரூஃபாயேல் திருநாள் அன்னிக்கு, கொட்டுற மழையில இவளைப் பெத்தேன். மார்ச்சுல எங்க ஊர்ல மழை பேஞ்சு யாராவது பார்த்திருக்கீங்களா?"

தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்தது காஷ் தெமிஸ்ஸே. கொலராடோ மாநிலத்து அரோராவில் எங்கள் ஜனங்கள் கூடும் காப்பிக்கடையின் மூலை மேஜையில் உட்கார்ந்து எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பெரியவர்; காஷ் என்பது வயதானவர்களை நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுவது. பிறப்புச் சான்றிதழை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தா பாரு. மேல் வரி நம்ம எத்தியோப்பியக் கணக்கு. மூணு, பதிமூணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. கீழ் வரி இவங்க கணக்கு. செப்டம்பர் எட்டு, ரெண்டாயிரத்து ஏழு. மேல இருக்கறதை எடுத்துக்கிட்டான், கீழ இருக்கறதை விட்டுட்டான். இவங்களுக்கு மாசம்தானே முதல்ல வரும்? மூணுன்னா மார்ச்சு, பதிமூணுன்னா தேதி. பதிமூணாவது மாசம்னு ஒண்ணு இருக்கும்னு அவன் கனவா கண்டான்?"

வருடக் கடைசியில் மிச்சம் விழும் ஐந்தாறு நாட்களை ஒரு மாதமாக்கிப் பாகுமே என்று பெயர் வைத்திருக்கிறோம். அதில் மூன்றாம் நாள் ரூஃபாயேலுடையது. அன்று விழும் மழை புனித நீர். பிள்ளைகள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் ஆடுவார்கள். வருடக் கணக்கிலும் நாங்கள் உலகத்துக்கு ஏழெட்டு வருடம் பின்தங்கித்தான் நடக்கிறோம். அந்த ஏழெட்டு வருடத்தைத்தான் யாரோ ஒருவன் ஒரு பெண்பிள்ளையின் ஆயுளிலிருந்து வழித்து எறிந்துவிட்டான்.

"இது அவங்க தப்பு. நாம வெறும் விண்ணப்பம் போட்டாப் போதும், மாத்திக் குடுத்துடுவாங்க" என்றார் காஷ் தெமிஸ்ஸே. பாவம், நல்ல மனுஷன்.

முதல் விண்ணப்பத்தில் தாய் என்று ஸெனெபு கையெழுத்துப் போட்டாள். நான்கு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. எங்கள் பதிவின்படி விண்ணப்பதாரருக்கு இருபத்தொரு வயது, ஆகவே அவரே கையெழுத்திட வேண்டும். சரியென்று ஹிருத் போட்டாள், பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில். அதுவும் திரும்பி வந்தது. நீங்கள் இணைத்துள்ள ஆவணங்களின்படி விண்ணப்பதாரர் சிறுமி, ஆகவே பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

ஸெனெபு அந்த அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. விமான நிலையத்தில் கழிப்பறை துடைக்கிறவளுக்கு வாயில் எண்களைத் தவிர வேறு என்ன ஆங்கிலம் வேண்டும்? எண்கள் மட்டும் அத்துபடி. மற்றதை ஹிருத் மொழிபெயர்த்தாள். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"என்ன சொல்றா?"

"நான் பெரியவளாம்மா. என் விஷயத்தை உங்கிட்டப் பேச அவங்களுக்கு அனுமதி இல்லையாம்."

"உன் குரலைக் கேட்டாத் தெரியலையாமா குழந்தைன்னு?"

ஹிருத் கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"குரலுக்கெல்லாம் அவங்ககிட்டக் கட்டம் இல்லையாம்."

மூன்றாவது தடவை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அது கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தது. அதனால் அப்போது பெரிய கேடு ஒன்றும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் தேதி சரியாக இருந்தது; அதைக் காட்டிப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அறிவியல் டீச்சர் இவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அட்டையை வாங்கிப் பார்த்து, "வாங்கம்மா, கல்யாணம் எப்போ?" என்று கேலி செய்வார்கள். முதல் பாகுமேயில் மழையே இல்லை. கொலராடோவில் ரூஃபாயேலுக்கு என்ன வேலை? ஹிருத் குடியிருப்புப் புல்வெளியில் தண்ணீர் பீய்ச்சும் குழாய்க்கு அடியில் போய் ஆடினாள். காவலாளி கத்தக் கத்த ஸெனெபு சன்னலில் நின்று குலவையிட்டாள்.

கேடு வந்தது அஸ்ஃபாவ் விழுந்தபோது. ஹிருத்தின் அப்பா விமான நிலைய வண்டி நிறுத்தத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பனி உறைந்த படியில் சறுக்கி முதுகெலும்பைக் கெடுத்துக்கொண்டான். நிற்க முடியாது, உட்கார முடியாது, பேச மட்டும் முடியும். ஸெனெபுவின் சம்பளம் வாடகைக்கே போதவில்லை. ஒருநாள் தோசை மாதிரியான இஞ்சேராவைப் பிய்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

"அந்த ஆஸ்பத்திரித் துணி வெளுக்குற கம்பெனியில ஆள் எடுக்குறாங்களாம். அட்டையைக் காட்டினாப் போதுமாம்."

"யாருக்கு? உனக்கா? குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல உனக்கு."

"எனக்கில்ல."

ஸெனெபு தட்டைத் தள்ளி வைத்தாள். "பதினஞ்சு வயசுடா அவளுக்கு!"

"அட்டையில இருபத்துமூணு. கவர்மென்டே சொல்லுது. நாம யாரு இல்லேங்கறதுக்கு? நீ என்ன கவர்மென்டைவிடப் பெரிய ஆளா?"

"பெத்தவ நான்."

"ஒரு வருஷம் ஸெனெபு. என் முதுகு நிமிரட்டும். அப்புறம் உன் ரூஃபாயேலைக் கூப்பிட்டுத் தேதியை மாத்திக்க."

அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கதவில் தாள் ஒட்டியிருந்தது. ஐந்தாம் நாள் ஹிருத் தானாகவே அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். வேலைக்கு எடுத்தவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "குடுத்து வெச்ச தோல்" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கொடுத்தாராம். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தாலும் கையில் அரசாங்கத்தின் அட்டை இருந்ததே.

இரவு ஷிப்டு. ரத்தக்கறை படிந்த விரிப்புகளைக் கொதிநீர் இயந்திரத்தில் தள்ளி எடுக்க வேண்டும். விடிந்து வந்து வகுப்பில் தூங்கினாள். பிறகு வகுப்புக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து ஒருத்தி விசாரிக்க வந்தாள். அஸ்ஃபாவ் படுத்த இடத்திலிருந்தே அட்டையை எடுத்து நீட்டினான். அவள் தேதியைப் பார்த்துவிட்டு, தொந்தரவுக்கு மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்த அட்டை தன் மகளுக்குச் செய்ததை அன்றுதான் ஸெனெபு முழுசாகப் பார்த்தாள். நடுவாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு அஸ்ஃபாவ் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஸெனெபு பிடித்த பிடியை விடவில்லை. வாரா வாரம் வேலை முடிந்த கையோடு காஷ் தெமிஸ்ஸேயின் மேஜைக்குப் போய் நிற்பாள். இன்னொரு கடிதம், இன்னொரு நகல். அவரே சலித்துப்போனார்.

"வேலைக்குப் போயி சம்பாதிக்கிற புள்ளை, ஸெனெபு. அட்டையில எந்தத் தேதி இருந்தா என்ன? இங்க பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணுதான் பிறந்த நாள்."

"அட்டை சரியா வந்துட்டா அந்தக் கம்பெனி ஒரு நாள் வெச்சுக்காது காஷே. அன்னிக்கே வெளிய அனுப்பிடுவான். அவ பள்ளிக்கூடம் போவா. எனக்கு அது போதும்."

"வாடகை?"

"தெருவுல படுத்துக்கறேன்."

ஒருவழியாக நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தேதி: செப்டம்பர் எட்டு. காஷ் தெமிஸ்ஸே வாசித்துச் சொன்னதும் ஸெனெபு கடைக்கு நடுவில் மண்டியிட்டுத் தரையைத் தொட்டு முத்தமிட்டாள். நாட்காட்டியே தேவையில்லை அவளுக்கு. அன்று பாகுமே மூன்று, ரூஃபாயேல் திருநாள், மகளுக்குப் பதினாறு நிறையும் நாள். இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

முதல் நாளே ரொட்டி சுட்டு வைத்தாள். வெள்ளை நெத்தெலாச் சால்வையை மடிப்புக் கலையாமல் போர்த்திக்கொண்டாள். ஹிருத் வேலையிலிருந்து நேராக வந்து, சீருடையோடே பஸ்ஸில் ஏறினாள். வெளுப்பு மருந்து நிறத்தை மாற்றியிருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு மத்தியானத்தோட உனக்குப் பதினாறு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அந்த டீச்சரை நானே போய்ப் பார்க்கிறேன், கால்ல விழறேன்."

"ம்."

"என்னடி ம்? சந்தோஷமா இல்லையா?"

"தூக்கம் வருதும்மா."

அறையில் இருந்த அதிகாரி சாந்தமான மனுஷர், மேஜையில் பேரப்பிள்ளைகள் படம் வைத்திருந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு ஹிருத்திடம் ஏதோ கேட்டார். அவள் சொன்னாள். பிறகு ஸெனெபுவைக் காட்டிக் கேட்டார்.

"என்னவாம்?"

"மொழிபெயர்க்கறவங்க பதினெட்டு தாண்டியிருக்கணுமாம். நான் தாண்டிட்டதால நானே உனக்குச் சொல்லலாமாம்."

ஸெனெபுவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினாள். சான்றிதழ், காலாவதியான பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானப் படம்.

"சொல்லு அவர்கிட்ட. அன்னிக்கு மழைன்னு சொல்லு. மருத்துவச்சி ஈரத்தோட ஓடி வந்தான்னு சொல்லு. பதிமூணாவது மாசம் எங்களுக்கு உண்டு, அதை இல்லேன்னு சொல்ல இவங்களால முடியாதுன்னு சொல்லு."

ஹிருத் பேசினாள். கொஞ்சம்தான் பேசினாள். இத்தனை சொன்னதற்கு இவ்வளவுதானா என்று ஸெனெபுவுக்குத் தோன்றியது. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். விரலால் சான்றிதழின் மேல் வரியைத் தொட்டார், பிறகு கீழ் வரியைத் தொட்டார். எது என்று கேட்கிறார். அது எந்த மொழியிலும் புரியும்.

ஹிருத் மேல் வரியில் விரல் வைத்தாள். "நைன்ட்டீன் நைன்ட்டி நைன்" என்றாள்.

எண்கள் ஸெனெபுவுக்கு அத்துபடி.

"என்னடி சொன்னே? ஏய், என்ன சொன்னே?" மேஜையைத் தட்டினாள். "பொய்! நோ! டூ தவுசண்ட் செவன்! செவன்!" ஏழு விரல்களை விரித்து அந்த மனுஷரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பயப்படவில்லை, கோபப்படவுமில்லை. இரக்கத்தோடு ஹிருத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் தாய்க்கு அதையும் மொழிபெயர்த்தாள், குரல் அசையாமல்.

"நான் பெரியவளாம். நான் சொன்னாப் போதுமாம். உனக்குத் தண்ணி வேணுமான்னு கேக்கறாரு."

பிழை ஏதும் இல்லை, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு தாளில் ஹிருத் கையெழுத்துப் போட்டாள். பழைய உருண்டை எழுத்து போய் இப்போது வேகமான ஒரு கிறுக்கல். அதிகாரி எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தார்.

வெளியே வந்ததும் ஸெனெபு மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பன் சொல்லிக் குடுத்தானா? சொல்லு!"

"அப்பாவுக்குத் தெரியாது." ஹிருத் தோளை விடுவித்துக்கொண்டாள். "சூப்பர்வைசர் சொன்னாம்மா. வயசு மாறினா விசாரணை வருமாம். சின்னப் புள்ளையை ராத்திரி வேலைக்கு விட்டது யாருன்னு கேப்பாங்களாம். கம்பெனி தப்பிச்சுக்கும், அதுகிட்ட அட்டை நகல் இருக்கு. அப்பாவைத்தான் பிடிப்பாங்க. அப்புறம் உன்னை. வீட்டு ஒப்பந்தம் வேற இப்ப என் பேர்ல இருக்கு. பதினாறு வயசுக்காரி பேர்ல யாரு வீடு குடுப்பா?"

"நான் பார்த்துக்க மாட்டேனா? நான் எதுக்குடி இருக்கேன்?"

"நீ அந்த ரெட்டைப் பின்னல் புள்ளையைத் திரும்பக் கூட்டிட்டு வரணும்னு மூணு வருஷமா அலையுற. அவ அங்க இல்லம்மா."

அலுவலகத்துப் புல்வெளியில் தண்ணீர்க் குழாய் சுழன்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஸெனெபு வாய்விட்டு அழவில்லை. அழுது தீர்க்கிற அளவில் அது இல்லை. குனிந்து ஓடும் நீரில் கையை நனைத்துக்கொண்டு, வருடா வருடம் இந்த நாளில் செய்வது போல மகளின் உச்சியில் வைக்கப் போனாள்.

ஹிருத் ஓரடி பின்வாங்கினாள்.

"வேணாம்மா. இன்னிக்குச் சீக்கிரம் வரச் சொல்லியிருக்காங்க. தலை ஈரமா இருந்தா இயந்திரத்துக்கிட்ட நிக்க விடமாட்டாங்க."

சொல்லிவிட்டு, சீருடையில் தெறிக்காதபடி புல்வெளியைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். ஸெனெபு ஈரக்கையை நெத்தெலாவில் துடைத்தாள். பையில் ரொட்டி இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிய்த்துக் கொடுக்க வேண்டும், விடியும்வரை அவளுக்குச் சாப்பாடு கிடையாது என்று நினைத்துக்கொண்டே இருபத்து நான்கு வயது மகளின் பின்னால் போனாள்.