முதல் தவிட்டாயி

எங்கள் எஸ்டேட்டில் இப்போது நான்கு தவிட்டாயிகள் இருக்கிறார்கள். என் மகள் முதலாவது. மற்ற மூன்றும் நகல். இந்த வருஷம் மேல் லயத்து வீடுகளில் பெண்பிள்ளை பிறந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பெயரையே வைத்துவிடுகிறார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு இந்த மலையில் பிறந்த பிள்ளைகளில் தங்கினது குறைவு. என் மகள் தங்கிவிட்டாள். ஆகவே விஷயம் பெயரில்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒருத்தியாவது கேட்டாளா?

கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

பெயரின் அர்த்தத்தில் புதிர் எதுவும் இல்லை. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போடுவார்கள். வேறொருத்தி வந்து எடுத்துக்கொள்வாள். பெற்றவள் ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்வாள். தவிட்டு விலைக்கு வந்த பிள்ளைமேல் எமனுக்கு ஆசை வராதாம். பையன் என்றால் தவிடன், பெண் என்றால் தவிட்டாயி. என் அப்பா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே அப்படி நாலைந்து பேரைத் தெரியும் என்பார். மலாயாவில் நான் ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. இங்கே எல்லாருக்கும் சரோஜா மாதிரி நாகரிகமான பெயர்தான் வேண்டும்.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் இருபது நாள் தாண்டவில்லை. மூன்றாவது பிறந்த பன்னிரண்டாம் நாள் காலையில், பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமியது. முன்னது இரண்டும் இப்படித்தான் ஆரம்பித்தன. நான் உட்கார்ந்து யோசிக்கிற பிறவி இல்லை. பிள்ளையை முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் இருக்கும் குப்பைமேட்டுக்கு ஓடினேன். அங்கே வைத்துவிட்டு, நாலு வீடு தள்ளி இருக்கும் மணியம்மா அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் வந்து பிள்ளையை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"சரி, தவிடு எங்கடி ராசம்மா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவிட்டுக்கு எங்கே போவது? கோழிக்குத் தவிடு பிசைந்து போட்டதெல்லாம் வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். இப்போது கோழியும் இல்லை, தவிடும் இல்லை. பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டு, மூன்று வேளையும் அதையே தின்றுகொண்டிருக்கிறோம். ரேசனில் வருகிற கொஞ்ச அரிசியிலும் கெடாமலிருக்கப் போட்ட சுண்ணாம்புதான் ஒட்டிக்கொண்டு வருகிறது.

"கொண்டாந்து தர்றேன்க்கா. அதுவரைக்கும் நீயே வெச்சிரு" என்றேன்.

விலை கொடுக்காமல் தூக்கினால் வாங்கினது செல்லாது. ஆகவே என் பிள்ளைக்குப் பால் கொடுக்க நான் அடுத்தவள் வீட்டுக்குக் கூலிக்காரி மாதிரி போய்வந்தேன். மணியம்மா என் மடியில் வைப்பாள், குடித்து முடித்ததும் வாங்கிக்கொள்வாள். முதுகைத் தட்டி ஏப்பம் விடவைப்பதும் அவள்தான். வீட்டில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினேன். பச்சை உடம்பென்று பார்க்காமல் பதினைந்தாம் நாளே வேலைக்கு இறங்கச் சொல்லிவிட்டார்கள். கை கொழுந்தில் இருக்கும், காது லயத்தில் இருக்கும். அழுகைச் சத்தம் கேட்டால் ஓடத் தோன்றும். கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

என் வீட்டுக்காரர் தங்கையா ஒரு யோசனை சொன்னார். "மரவள்ளிய இடிச்சாலும் மாவுதானே? அதுல ஒரு பிடி குடுத்துட்டுத் தூக்கிட்டு வா."

"அப்ப மரவள்ளியம்மான்னு பேரு வெக்கவா? எமன் என்ன ஒங்கள மாதிரி ஏமாளியா?" என்று கத்தினேன்.

இருமல் நாலே நாளில் நின்றது. பிள்ளைக்குக் கன்னம் வைத்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. ஏனென்றால் மணியம்மாவும் மாறிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கருப்பையாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறது. ஒரு கடுதாசி இல்லை. பிள்ளைகுட்டியும் இல்லை. அடுப்பைப் பற்றவைக்கக்கூட மனமில்லாமல் கிடந்தவள், இப்போது தன் கலியாணப் புடவையைக் கிழித்துத் தொட்டில் கட்டியிருந்தாள். இருபத்தைந்தாம் நாள் நான் பால் கொடுக்கப் போனபோது, "ஜெயாக்கண்ணு, ஒனக்குப் பால்காரி வந்துட்டா பாரு" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அப்படிப் படவில்லை.

"பேரு வெச்சிட்டியாக்கா?"

"பேரில்லாம எப்படிலா கூப்புடுறது? ஒரு மாசம் ஆவப்போவுது. நீயும் தவிடு கொண்டாந்த பாடில்ல." கொஞ்சம் நிறுத்தி, "சனிக்கெழம கிராணி ரேசன் லிஸ்டு எழுத வர்றாரு. புள்ளய எந்த வீட்டுலன்னு சொல்றது?" என்றாள்.

என் வீட்டில் என்று வாய் வரை வந்தது. சொல்ல முடியாது. விலை கொடுக்காதவள் எந்த வாயால் சொல்வேன்? எஸ்டேட் கணக்கெழுதும் சிங்காரம் கிராணி ஒருமுறை எழுதிவிட்டால் எழுதினதுதான். திருத்தித் தாருங்கள் என்று ஜப்பான்காரன் ஆபீஸில் போய் நிற்க இந்த எஸ்டேட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. மணியம்மா வீடு, பிள்ளை பெயர் ஜெயா. சனிக்கிழமை அவள் அப்படிச் சொல்வாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பால் கொடுத்துவிட்டு, உடம்பு முடியவில்லை என்று கங்காணியிடம் பொய் சொல்லிவிட்டுத் தானா ராத்தா டவுனுக்கு நடந்தேன். ஏழு மைல். அங்கே ஷஹாபுதீன் பாயின் சாப்பாட்டுக் கடை ஒன்றுதான் எனக்குத் தெரிந்த இடம். முன்பெல்லாம் தட்டுத் தட்டாகப் பலகாரம் அடுக்கியிருக்கும் கண்ணாடி அலமாரியில், மரவள்ளி ரொட்டி மட்டும் காய்ந்து கிடந்தது.

"தவிடா?" என்றார் பாய். "தவிடு இப்ப மனுசன் திங்கிற சாமான்மா. கால் வீங்குனவனுக்கு மருந்தே அதுதான். இருந்தா நானே ரொட்டியில போட்டுருவேன்லா."

நான் நகரவில்லை. அழுதேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். சத்தம் கேட்டு அவர் மனைவி ஆசியா உள்ளேயிருந்து வந்தாள். பால் கட்டி என் ரவிக்கை நனைந்திருந்ததைப் பார்த்தாள்.

"பச்ச ஒடம்போட எதுக்குப் புள்ள இவ்ளோ தூரம் வந்தே?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உள்ளே போய், ஒரு துணியில் எதையோ முடிந்து எடுத்து வந்தாள். "ரெண்டு பிடி இருக்கு. ஒண்ணு புள்ளைக்கு வெல. ஒண்ணு நீ தின்னு. ஒன் மொகத்தப் பாத்தா வீடு போய்ச் சேருவியான்னு தெரியல" என்றாள். பிறகு, "புள்ள பேரு என்ன?" என்று கேட்டாள்.

"தவிட்டாயி" என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

என் பங்கை இரண்டாவது மைலுக்குள் தின்றுவிட்டேன். தொண்டையில் அப்பிக்கொண்டது. ஓடைத் தண்ணீரைக் குடித்து இறக்கினேன். மூன்றாவது மைலில் ஜப்பான் காவல். குனிந்து கும்பிட்டேன். சிப்பாய் முடிச்சை அவிழ்த்து மோந்து பார்த்தான், சிரித்தான், திருப்பிக் கொடுத்துவிட்டான். தப்பித்தது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

நாலாவது மைலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். ஒரு சிட்டிகையில் என்ன குறைந்துவிடும்? அப்புறம் இன்னொன்று. ஒரு பிடி என்றால் யாருடைய பிடி, சின்னக் கையின் பிடியும் பிடிதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கால் நடந்துகொண்டே இருந்தது, கையும் போய்வந்துகொண்டே இருந்தது. எங்கள் தேயிலைச் சரிவு கண்ணில் பட்டபோது முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். துணிதான் இருந்தது. உதறினேன். ஜப்பான்காரன் தொடாததை நான் தின்றிருந்தேன்.

திரும்பிப் போனால் இருட்டிவிடும். பிள்ளை காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. லயம் வரைக்கும் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனேன்.

மணியம்மா அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "கெடச்சுதா?"

"கெடச்சுதுக்கா. வழியில ஜப்பான்காரன் புடுங்கிக்கிட்டான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். அன்றைக்குப் பால் பெருகி வந்தது. அவ்வளவு பால் எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. பிள்ளைக்குப் புரையேறியது. குடித்து முடித்ததும் வழக்கம்போல நானே எடுத்து நீட்டினேன். நாளைக்குக் கிராணி வந்துவிடுவார்.

"பொய் சொன்னேன்க்கா. யாரும் புடுங்கல. நாந்தான் தின்னுட்டேன். பசி தாங்கல."

மணியம்மா பிள்ளையை வாங்கவில்லை. கட்டைவிரலால் என் வாயோரத்தைத் துடைத்தாள். அங்கே நாலைந்து துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தன் உள்ளங்கையில் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்தாள். திரும்பித் தொட்டிலைப் பார்த்தாள். பிறகு விரல்களை இறுக்கி மூடினாள்.

"பிடி நெறஞ்சிருச்சு" என்றாள். "தவிட்டாயியத் தூக்கிட்டுப் போடி. சீக்கிரம் போயிரு."