காலையிலிருந்து வரும் சத்தம்

சிவப்புக் கார் பட்டறைக்குள் வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அதன் பக்கவாட்டுக் கண்ணாடிகள் குளிரில் நடுங்குவது போல நடுங்கின. இரண்டே இருக்கை உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். வக்கீல் இறங்கி, "ஓடறப்ப ஒண்ணும் தெரியல. சிக்னல்ல நின்னா போதும், பல்லெல்லாம் கிடுகிடுன்னு ஆடுது" என்றார்.

பில் போடும் அறையில் உட்கார்ந்திருந்த அவளுக்கே அந்தச் சத்தம் கேட்டது. எஞ்சினின் உறுமலுக்கு மேலே, டியூப்பில் காற்று இறங்குவது போல, விடாமல் ஓர் உஸ். வெல்டிங்காரர் தலை தூக்கிப் பார்த்தார். பெயின்டர் கையைத் துடைத்தபடியே வந்து நின்றார். பட்டறையில் பாதிப் பங்கு அவள் தம்பியுடையது. அவன் எஞ்சின் பக்கம் குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தான். இருவரையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். பிறகு பின்பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டான்.

"மாமா! வாங்க, இது உங்க கேஸ்."

அவள் கணவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் அழைப்பார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். திறக்கும்போது நோயைச் சொல்லிவிடுவார். அன்றும் அப்படித்தான் மூடினார். இரும்புக்குள் நடப்பது அந்தக் கம்பி வழியாக இன்னமும் அவருக்குக் கேட்டது போலும். காற்றில் வரும் மெல்லிய சத்தம்தான் அவரிடம் வந்து சேர்வதில்லை.

"எஞ்சின் உக்காந்திருக்கற ரப்பர் போச்சு. மாத்தினா சரியாயிடும், சாயங்காலம் வாங்க" என்றார்.

"கரெக்ட் மாமா" என்றான் தம்பி.

வக்கீல் போனதும் அவன் அவளிடம் வந்தான். "அக்கா, நீ வாயத் திறக்காத. நாம சொன்னா ஒத்துக்குவாரா? தானா தெரியட்டும்."

"அதுக்கு இப்படியா?"

"வேற எப்படி? சொல்லு, செய்றேன்."

கணவரின் காதைப் பற்றித் தம்பியிடம் போய்ச் சொன்னவளே அவள்தான். ஒரு டீச்சரின் காரில் பிரேக் கறகறவென்று உரசியது. அது காதில் விழாமலேயே கணவர் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மா ஒரு சுவரில் போய் மோதியதோடு தப்பித்தார். அன்றைக்குத்தான் அவளுக்கே விஷயம் புரிந்தது. கணவருக்குக் காது மந்தமாகிவருகிறது என்பது கட்டிய மனைவிக்கு இவ்வளவு தாமதமாகத் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் பேசினால் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. கல்யாணமான புதிதில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். பிறகு சுவரிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போகப் பழகிக்கொண்டாள். காது எப்போது போனது, அதற்கு முன்னால் எது இல்லாமல் இருந்தது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி அடியில் நுழைந்தார். துருப்பிடித்த போல்ட்டுகள் அசைய மறுத்தன. முழங்கால்கள் மடங்கி நிமிர்ந்தன, செருப்பு ஒன்று கழன்று தனியாகக் கிடந்தது. முதலில் மற்றவர்கள் தணிந்த குரலில்தான் பேசினார்கள். அது தேவையில்லை என்று தெரிந்ததும் அவர் காலடியிலேயே நின்று பேசினார்கள்.

"கீழ படுத்திருக்கறது டாக்டரா, பேஷன்ட்டா?" என்றார் பெயின்டர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. பொத்த வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றிய அந்தக் கணம் இனித்தது. அந்த இனிப்பு அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

பிற்பகலில் அவர் வெளியே வந்தார். விரல் மூட்டில் தோல் பெயர்ந்து ரத்தமும் கிரீஸும் கலந்திருந்தன. கழற்றிய ரப்பரை அவளிடமே கொண்டுவந்து காட்டினார். "பாரு, வெடிச்சிருக்கு." அத்தனை வருஷத்து ரப்பர் வெடிக்காமல் என்ன செய்யும்? அவள் தலையாட்டினாள். அப்போது சொல்லியிருக்கலாம். மேஜைமேல் பேப்பரும் பேனாவும் இருந்தன, எழுதிக்கூடக் காட்டியிருக்கலாம்.

வக்கீல் வந்தார். சாவியைத் திருப்பினார். கார் காலையில் ஆடியது போலவே ஆடியது.

கணவர் பானட்டைத் திறந்து குனிந்தார். கம்பியை வைத்தார், இடம் மாற்றி வைத்தார். தம்பி அவரைப் பக்குவமாக விலக்கி, எஞ்சினுக்குப் பின்புறம் கைவிட்டு ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் கட்டைவிரலால் அழுத்தினான். ஆட்டம் நின்றது. விரலை எடுத்தான், ஆடியது. வைத்தான், அடங்கியது. ஒரு தடவை போதும். அவன் நாலைந்து தடவை செய்தான்.

"ஓஸ் கிழிஞ்சு காத்து இழுக்குது மாமா. இவ்ளோ சத்தமா உஸ்ஸுங்குதே, கேக்கலயா?"

"அட, இதானா? நான் ஏசி சத்தம்னு நெனச்சேன்" என்றார் வக்கீல்.

கணவர் தம்பியின் வாயைப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். பிறகு அவளிடம் வந்து கேட்டார். "சத்தம் வருதா?"

"காலையிலேருந்து வருது" என்றாள் அவள்.

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் பேசும்போது அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி புது ஓஸ் மாட்டினான். எஞ்சின் பூனை போல மெத்தென்று ஓடியது. "நாளைலேருந்து அக்காகூட ரூம்ல உக்காந்துக்குங்க மாமா. ஃபேன் இருக்கு" என்றான். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். வக்கீலுக்காக வண்டியைத் திருப்பி நிறுத்தப்போகிறார் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். ஆக்சிலரேட்டரை மிதித்தார். எஞ்சின் முனகி, உறுமி, கத்தத் தொடங்கியது. பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. "என்னய்யா பண்றாரு? எஞ்சின் போயிடும்!" என்று வக்கீல் கதவை இழுத்தார். உள்ளே பூட்டியிருந்தது. தம்பி கண்ணாடியில் இரண்டு கைகளாலும் அறைந்தான். பெயின்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

அவள் கிட்டே போனாள். எஞ்சின் வேகத்தைக் காட்டும் டயலின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கியது. அவர் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ ஏதோ சொல்வதை உற்றுக் கேட்பவர் போல, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பொறுமையாக, இன்னும் கொஞ்சம் மிதித்தார்.