கடைசிப் பாட்டின் வேகம்

க்ளெனிஸ் அந்தச் சின்ன இசைத்தட்டை உறையிலிருந்து உருவியதும், முன்னறையில் பாய் விரித்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு நின்றது.

"போடு, கேப்போம்," என்றாள் லூப்பே. "கேட்டுட்டுத்தான் பதில் சொல்வேன். அஞ்சு மணிக்குப் போதகர் ஜெபத்துக்கு வந்துருவார். அதுக்குள்ள முடிவாகணும்."

லூப்பே பெனியின் அக்கா. எழுபது வயது. கிரே லின் வட்டாரச் சபையின் பாடகர் குழுவை முப்பது வருடமாக ஒற்றைக் கண் அசைவில் நடத்தி வருபவள். பெனி அறையின் நடுவே, பாய்களின் மேல், திறந்த சவப்பெட்டியில் வெள்ளைச் சட்டை போட்டுப் படுத்திருந்தான். மதியம்தான் அவனை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் கோயில், பிறகு மயானம்.

"அண்ணி, நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்," என்றாள் க்ளெனிஸ். "கோயில்ல எல்லாம் முடிஞ்சு, பெட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி, இந்த ஒரு பாட்டு. வேற எதுவுமே கேக்கலை அவர்."

"சாராயக் கடையில ஆடுற பாட்டைக் கோயில்ல போட்டா, எங்க அப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து என்னைத்தான் முதல்ல அறைவார். உன் புருஷனை அப்புறம்தான்."

"அவன்தான் இனிமே அடி வாங்க மாட்டானே," என்றாள் ஜன்னலோரம் இருந்த லூப்பேயின் தங்கை சவேலினா. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பெனி நாற்பத்தொரு வருடம் கரங்கஹாப்பே தெருவின் கிளப்புகளில் பாட்டுப் போட்டவன். சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு விடியும் வரை. சபை மக்கள் வெள்ளை உடையில் கோயிலுக்கு இறங்கும் நேரத்தில் இரண்டு பெட்டி இசைத்தட்டுகளோடு பேருந்திலிருந்து இறங்குவான். எதிரே வரும் லூப்பே தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு பாட்டுத் தொகுப்புச் செய்து நண்பர்களுக்குக் கொடுப்பான். பிரேசில்காரனின் கிதாருக்குப் பின்னால் பழைய இந்திப் படப் பாட்டு வரும். அது முடியாமலே ஃபிஜித் தீவின் மீனவர் பாட்டு எழும்பும். அதற்கடியில் ஜெர்மன் இயந்திர மேளம். இவையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்பவர் நம்பிவிடுவார்கள். மொத்தம் பத்தொன்பது தொகுப்புகள். எல்லாவற்றின் முடிவிலும் ஒரே பாட்டு. பட்டியலில் அதற்குப் பெயர் கிடையாது. 'கடைசிப் பாட்டு', அவ்வளவுதான். மெல்ல, ஆழத்திலிருந்து, கிழட்டு ஆண்கள் சேர்ந்து முனகுவது போல ஒரு பாட்டு. விடிகாலை ஐந்து மணிக்கு அதைக் கேட்டு அழாதவர் அந்தத் தெருவில் இல்லை என்பார்கள்.

அந்த இசைத்தட்டின் நடுவில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. டிஜேக்களின் பழக்கம் அது. நல்ல பாட்டு ஒன்று கிடைத்தால் போட்டிக்காரன் கண்ணில் படாதபடி பெயரை மூடிவிடுவார்கள். மற்றவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் மூடி வைப்பார்கள். பெனி இதை மட்டும் முப்பது வருடம் மூடியே வைத்திருந்தான். க்ளெனிஸுக்கும் சொன்னதில்லை. தன் ரெக்கார்டு பிளேயர் மேல் அவளைத் தூசி தட்டக்கூட விட்டதில்லை.

இப்போது அவளே அதன் முன் நின்றாள். தட்டு சுற்றும் வேகத்துக்கு இரண்டு பொத்தான்கள்: முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து. பெரிய தட்டுக்கு முப்பத்துமூன்று, சின்னத் தட்டுக்கு நாற்பத்தைந்து. அவள் பள்ளியில் படித்த காலத்தில் எல்லா வீட்டிலும் தெரிந்த விதி. நாற்பத்தைந்தை அழுத்தினாள். ஊசியை இறக்கினாள்.

கைதட்டல். உடனே இளம்பெண்களின் குரல், கீச்சென்று, ஓட்டமும் சிரிப்புமாக.

க்ளெனிஸ் குனிந்து தட்டைப் பார்த்தாள். இது அந்தப் பாட்டு இல்லை. வேறு தட்டை எடுத்துவிட்டோம். மூவாயிரம் தட்டு இருக்கிற வீட்டில், அஞ்சு மணிக்குள் சரியானதை எங்கே போய்த் தேடுவது? ஊசியைத் தூக்கக் கை நீட்டினாள்.

"கை வைக்காதே!" என்றாள் லூப்பே.

அவள் பாயிலிருந்து எழுந்திருந்தாள். முழங்கால் வலிக்காரி, ஒருவர் கையும் பிடிக்காமல். ஜன்னலோரம் சவேலினாவின் பாதம் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி இரண்டாவது அடியைத் தொடங்கினாள். அடுத்த அடியில் ஏழு பேரும் சேர்ந்துவிட்டார்கள். நண்டே நண்டே, அலை வருது, அம்மா கூப்பிடறா, வீட்டுக்குப் போ. அவர்களுடைய தீவு மொழியில், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகள் பாட்டு.

"அடிப்பாவி, இது நாமடீ!" என்றாள் சவேலினா.

"நடுவுல தும்முவே, இப்ப வரும் பாரு," என்றாள் லூப்பே. வந்தது. அறை வெடித்துச் சிரித்தது.

கோயில் கட்டக் காசு சேர்ப்பதற்காக ஐம்பது வருடம் முன்பு அச்சடித்த இசைத்தட்டு அது. பாதிக்கு மேல் விற்கவில்லை. அந்தப் பெட்டிகள் வீட்டுக் கூடத்தில் கிடந்தன. பன்னிரண்டு வயது பெனி அவற்றின் மேல் படுத்துத் தூங்குவான்.

நாற்காலிகளைச் சுமந்துகொண்டு வாரன் உள்ளே வந்தது அப்போதுதான். கிளப்பில் பெனிக்கு முப்பது வருடம் விளக்குப் போட்டவன். மொட்டைத் தலை, இரண்டு காதிலும் வளையம்.

"யாரு க்ளெனிஸ் இந்தக் குழந்தைங்க?" என்றவன் இசைத்தட்டின் வெள்ளைத் தாளைப் பார்த்தான். நாற்காலிகளைக் கீழே வைத்தான். போய் மற்றப் பொத்தானை, முப்பத்துமூன்றை, அழுத்தினான்.

குரல்கள் சரிந்தன. ஓடிக்கொண்டிருந்த பெண்கள் நடந்தார்கள், நடந்துகொண்டே கிழவர்களானார்கள். கைதட்டல் தொலைவில் கதவு சாத்துவது போலக் கேட்டது. அதுதான். அதேதான்.

"தப்பான வேகத்துலயா போட்டுட்டு இருந்தான்?" என்றான் வாரன். "கடன்காரன்! ஏதோ சாமியாருங்க சாவுப் பாட்டுன்னு நெனச்சு நான் எங்கம்மா செத்தப்ப இதைக் கேட்டு அழுதிருக்கேன். அதுல என்ன சொல்றாங்க அக்கா?"

"நண்டை வீட்டுக்குப் போகச் சொல்றோம்," என்றாள் லூப்பே.

"நண்டையா?"

"எங்களை ஆம்பளையாக்கிட்டான் பாரு!" என்று லூப்பே பெட்டிப் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அங்கேயே நின்றது. பிறகு அவன் சட்டைக் காலரைச் சரி செய்தது.

"எத்தனை தடவை போட்டிருப்பான்?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"சனிக்கிழமை தவறினதில்லை அக்கா. ஆட்டம் முடியுற நேரத்துக்கு இதுதான். முப்பது வருஷம்."

இசைத்தட்டு முடிந்து ஊசி தானாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. லூப்பே மெல்ல வந்து க்ளெனிஸ் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

"பதினொரு மாசம் அண்ணி. கடைசி வாரம் தண்ணிகூட இறங்கலை."

"மூச்சு நின்னப்ப நிம்மதியா இருந்துச்சா உனக்கு?"

அவன் இறந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது. க்ளெனிஸ் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எனக்கும்தான்," என்றாள் லூப்பே. "அதுல என்ன இருக்கு?" பிறகு குரலை உயர்த்தினாள். "சரி. கோயில்ல ரெக்கார்டெல்லாம் வேணாம்."

"அண்ணி..."

"நாங்க உயிரோட இருக்கும்போது ரெக்கார்டு எதுக்கு? நாங்க பாடுறோம்."

"அவர் கேட்டது அந்த மெதுவான..."

"தெரியுது. எனக்குக் காது இருக்கு. டேய் மொட்டை, இங்க வா. இன்னொரு தடவை போடு. எவ்வளவு மெதுவுன்னு பார்த்துக்கிறோம்."

மூன்று தடவை போட்டார்கள். முதல் தடவை இரண்டாம் அடிக்குள் ஏழு பேருக்கும் மூச்சு வாங்கியது. "இப்படிப் பாடினா பெனி பக்கத்துல நானும் படுத்துருவேன்," என்றாள் சவேலினா. ஆண்களின் அடிக் குரலுக்கு ஆள் வேண்டும் என்றாள் லூப்பே. அதற்கு ஆள் இருக்கிறது என்றான் வாரன். போதகர் உள்ளே வந்தபோது பெண்கள் எல்லாரும் தலை குனிந்து மிகவும் பக்தியாக உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் கோயில் இரண்டாகப் பிரிந்திருந்தது. முன்னால் சபையார் வெள்ளையில். பின்னால் கிளப் ஆட்கள் கறுப்பில், அந்த நேரத்துக்கு எழுந்து பழகாத கண்களோடு. கடைசி ஜெபம் முடிந்தது. லூப்பே எழுந்து, சபைக்கு முதுகைக் காட்டி, கையைத் தூக்கினாள். குழு மெதுவாகத் தொடங்கியது. மெதுவென்றால், ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவில் வாசலில் கார் போவது கேட்டது. பின்வரிசையில் யாரோ ஒருவர் விசும்புவதுபோலப் பாட ஆரம்பித்தார். அடுத்து இருபது பேர், ஐம்பது பேர். அர்த்தம் தெரியாமல், விடியலில் தங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லாக்கி வைத்திருந்த பாட்டு. அந்தச் சொற்களோடே பாடினார்கள். லூப்பே திரும்பிப் பார்த்தாள். முறைப்பாள் என்று க்ளெனிஸ் நினைத்தாள். லூப்பே தூக்கிய கையை இன்னும் உயர்த்தி, அவர்களுக்கும் சேர்த்துத் தாளம் போட்டாள். ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள்.

மயானத்திலிருந்து திரும்பியதும் கோயில் கூடத்தில் சாப்பாடு. லூப்பே நடுவில் உட்கார்ந்து நண்டுப் பாட்டைச் சொல் சொல்லாகச் சொல்ல, வாரன் அதைத் தன் முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான். "தப்பா எழுதுறே. நண்டு பொம்பளை," என்று அவள் அதட்டுவது கேட்டது.

க்ளெனிஸ் வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்தாள். காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மடியில் சேமியாவும் சேப்பங்கிழங்கும் பன்றிக்கறியும். முதல் வாய் விழுங்கிய பிறகுதான் எவ்வளவு பசி என்று தெரிந்தது. வேகமாகச் சாப்பிட்டாள், விரலை நக்கினாள். வெறுங்காலோடு எழுந்து, இன்னும் கொஞ்சம் வாங்க உள்ளே போனாள்.