கெசியாவைக் கூப்பிட மறந்த ஞாயிறு

அக்கா வீட்டிலிருந்து நாங்கள் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை மதியம், எதிரில் நிற்கிற ஆள் பேசுவது காதில் விழாத அளவுக்கு மழை அடித்தது. வாசலில் ட்ரைசைக்கிள்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பஸ் நமக்காகக் காத்திருக்காது என்று என் கணவன் ரோடெல் வேறு கத்திக்கொண்டிருந்தான். தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தோளில் போட்டு, மழைக்கோட்டால் மூடி, அவன் முன்னால் ஓடினான். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அக்கா கதவருகில் நின்று கையசைத்தாள்.

கடலோரச் சாலை முடிந்து பஸ் பகியோ மலையில் ஏறத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கெசியாவைக் கூப்பிடவில்லை.

எங்கள் இலோக்கானோ ஆட்களுக்கு இது பல் துலக்குவது மாதிரி. ஆற்றங்கரையோ, கல்லறையோ, சொந்தக்காரர் வீடோ, எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'வா, போகலாம், இங்கேயே தங்கிடாதே' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடம்பு கிளம்பிவிடும், உயிர் விளையாட்டு மும்முரத்தில் பின்தங்கிவிடும். குழந்தைகளின் உயிருக்கு அந்தப் புத்தி அதிகம். தூங்குகிற குழந்தையைக் கூப்பிடாமல் தூக்கிக்கொண்டு போக எங்கள் ஊரில் ஒருத்திக்கும் துணிச்சல் வராது.

"ரோடெல், நான் கூப்பிட மறந்துட்டேன்."

"யாரை?"

"கெசியாவை."

அவன் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் மணிலாக்காரன், இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "இதோ இருக்காளே. வேணும்னா ஜன்னலைத் திறந்து கூப்பிடு. கண்டக்டர் இன்னொரு டிக்கெட் கேட்டா நான் சமாளிச்சுக்கறேன்."

நான் நிஜமாகவே ஜன்னலைத் திறந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முன் இருக்கைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம் போலிருக்கிறது, சிரிக்கவில்லை. கெசியா கண் விழித்தாள். எழுந்து நேராக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது. தெரு நாய் ஏன் நொண்டுகிறது, மேகம் ஏன் மலைமேல் உட்காருகிறது, டிரைவர் மாமாவுக்குத் தொப்பை ஏன், எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அக்கா வீட்டில் இருந்த அந்த இரண்டு நாளும் மழை, கரண்டும் இல்லை. வெளியே விட முடியாமல் வீட்டுக்குள் அடைத்து வைத்ததில் என் உயிரை எடுத்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல், "மனாங், இவளை நீயே வெச்சுக்கோ. ஒரு வாரம் என் காது சும்மா இருக்கட்டும்" என்றேன். 'மனாங்' என்றுதான் நாங்கள் அக்காவைக் கூப்பிடுவோம். எந்தத் தாய்தான் இப்படிச் சொல்லவில்லை? மனாங் நெனிங் பிள்ளையின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் கெசியா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"பசிக்குதாடி?" என்றேன்.

"பசிக்குது."

அரிசிமாவும் தேங்காயும் சேர்த்துச் சுட்ட துபிக்கின் வாழையிலையைப் பிரித்துக் கொடுத்தேன். தின்றாள். போதுமா என்றால் போதும். இன்னும் வேணுமா என்றால் வேணும். நான் எந்த வார்த்தையில் கேட்டேனோ அதே வார்த்தை திரும்பி வந்தது.

"ரெண்டு நாள்ல உங்க அக்கா எவ்வளவு நல்லா வளர்த்துட்டாங்க பாரு" என்று ரோடெல் காலை நீட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தும் அப்படியேதான் இருந்தாள். பாகற்காயைக் கண்டால் மேசைக்கடியில் ஒளிகிறவள், வைத்ததையெல்லாம் மென்று விழுங்கினாள். குளிக்கச் சொன்னால் குளித்தாள். நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டால் உதடு நீலமாகும்வரை தண்ணீரில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "கெசியா இப்பல்லாம் எவ்வளவு சமத்து தெரியுமா!" என்று பூரித்துப்போனாள். அந்த டீச்சரை நாலு அறை அறையலாம் போலிருந்தது எனக்கு. பிள்ளையின் கண்ணைப் பார்த்தால் தெரியாதா? ஆள் குடியில்லாத வீட்டு ஜன்னல் மாதிரி இருந்தது அது.

ரோடெலுக்கு அப்போதும் வேடிக்கைதான். டீச்சர் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் சாப்பிடும்போது தன் பழைய ஜோக் ஒன்றைச் சொன்னான். எப்போதும் அதற்கு அவள் நாற்காலியிலிருந்து விழுந்து சிரிப்பாள். இப்போது அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சிரி" என்றான்.

அவள் வாயைத் திறந்து சிரித்தாள். ஒரே அளவாக, மூச்சுகூட வாங்காமல், முகத்தில் வேறு எதுவும் அசையாமல். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "போதும்" என்றான். சட்டென்று நின்றது. அதற்குமேல் அவன் சாப்பிடவில்லை.

அன்றைக்கே அக்காவுக்கு போன் போட்டேன். எடுத்ததும் "கெசியா என்ன பண்றா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வியாக இருக்கும். இந்த முறை கேட்கவில்லை. இன்னும் மழை, கூரை ஒழுகுது, மீன் நல்லா கிடைக்குது என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன், ஏதோ துறைமுகத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். வயிற்றில் வந்த பிள்ளைகளும் ஒன்றுகூடத் தங்கவில்லை. அந்த மரவீட்டில் மாடியும் கீழுமாக அவள் ஒருத்திதான்.

பேச்சுக்கு நடுவில் மரப்பலகையில் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு சிரிப்பு.

பெற்றவளுக்குத் தெரியாத சிரிப்பா? நான் திரும்பிப் பார்த்தேன். கெசியா என் எதிரில், நான் உட்காரச் சொன்ன இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரு மனாங் அது?"

"பூனை."

"பூனை சிரிக்குமா?"

அக்கா போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பப் போட்டும் எடுக்கவில்லை. ரோடெல் துவைத்த துணியை எடுத்துப் பையில் அடைத்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. ஆனாலும் மழையில் ஊரே மங்கிக் கிடந்தது. ரோடெல் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில், கூரைச் சார்ப்புக்குக் கீழே நின்றான். நான் உள்ளே போனேன்.

மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. சின்னத் தட்டில் மீனை முள் எடுத்து உதிர்த்து வைத்திருந்தது. அக்கா அதைத் துணியால் மூடப் போனாள்.

"மூடாதே. யாருக்கு இது?"

"நீதானேடி வெச்சுக்கோன்னு சொன்னே."

"வாய்ச்சொல்லுக்கு ஒண்ணு சொன்னா அதைப் பிடிச்சுப்பியா? என் பிள்ளை அங்க பொம்மை மாதிரி நிக்கிறா!"

"இங்க அவ அழவே இல்ல, மரிபெல்" என்றாள் அக்கா. அவள் குரல் கெஞ்சியது. "காலையில எழுந்ததும் மாடியில ஓட ஆரம்பிச்சா, நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். முகம் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஓடறது கேக்கும், அவ்வளவுதான். எனக்கு அது போதும். உனக்கு இன்னொண்ணு பிறக்கும்."

எனக்கு வந்தது கோபமா, பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. "நான் கூப்பிட மறந்தது உனக்குத் தெரியும்."

"கதவுகிட்ட நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். இப்போ கூப்பிடுவா, இப்போ கூப்பிடுவான்னு. நீ வண்டியில ஏறிட்டே."

"ஞாபகப்படுத்தியிருக்கலாமே, மனாங்?"

"படுத்தியிருக்கலாம்" என்றாள் அக்கா.

நான் வாசலுக்கு வந்து, வெளிப்பக்கமாக ஏறும் மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டேன். "கெசியா, வா போகலாம். இங்கேயே தங்கிடாதே."

மேலே ஓட்டம் நின்றது. பிறகு காலடி மெதுவாகப் படியின் உச்சிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி கூப்பிட்டேன். அம்மா வந்திருக்கேன், அப்பா வந்திருக்கார் என்றேன். பலகை லேசாக முனகியது; ஒரு குழந்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி நிற்கிற முனகல். இறங்கி வரவில்லை. முற்றத்தில் நின்ற பிள்ளை அந்த வாரத்தில் முதல்முறையாகத் தலையைத் தானாகத் தூக்கி, படியின் பக்கம் பார்த்தாள். ரோடெல் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"உன்னைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா, மனாங். நீ சொன்னாத்தான் வருவா. உன் கால்ல வேணாலும் விழறேன்."

அக்கா முற்றத்துக்கு வந்து கெசியாவின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். அது எவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உள்ளே போய் விளக்குமாறை எடுத்து வந்து படியில் ஓங்கி அடித்தாள்.

"போடி! உன்னை யாரு இங்க இருக்கச் சொன்னா? நாள் பூரா தொணதொணன்னு கேள்வி கேட்டுக்கிட்டு! எனக்கு உன்னைப் பிடிக்கல. கேக்குதா? பிடிக்கல. உங்கம்மா கூடப் போய்த் தொலை!"

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி விழுந்தது. அவள் முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் குரலில் துளிகூட அது தெரியவில்லை. காலடி படிப்படியாக இறங்கியது. எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போனபோது, என் முழங்கையில் ஈரத் தலைமுடி உரசின மாதிரி இருந்தது.

முற்றத்தில் பிள்ளை மூச்சை இழுத்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழ ஆரம்பித்தாள். "பெரியம்மா ஏன் என்னைத் திட்டறாங்க? ஏன்? நான் என்ன பண்ணேன்?"

என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. வாரி எடுத்து முகமெல்லாம் முத்தமிட்டேன். அக்கா சமாதானப்படுத்தக் கிட்டே வந்தால், பிள்ளை வீறிட்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.

கிளம்பும்போது நான் ஒருவரையும் விடவில்லை. கெசியாவைக் கூப்பிட்டேன், ரோடெலைக் கூப்பிட்டேன், மரிபெல் நீயும் வா என்று என்னையே கூப்பிட்டுக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் விளக்குமாறைப் பிடித்தபடி கதவில் சாய்ந்து நிற்கிறாள் என் அக்கா. அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ.

"மனாங், நீயும் வா. இங்கேயே தங்கிடாதே."

"போடி பைத்தியம். அடுப்புல சோறு இருக்கு" என்று கதவைச் சாத்தினாள்.

வழியெல்லாம் கெசியா எங்களைத் துளைத்தெடுத்தாள். பஸ் ஏன் உறுமுது, மலை ஏன் அழுக்குத் தண்ணியா கொட்டுது, பெரியம்மாவுக்கு ஏன் கோபம். எல்லாவற்றுக்கும் ரோடெல் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். நானும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை நான் துணி காயப்போட்டுவிட்டு வரும்போது சமையலறையில் பிள்ளை பேசிக்கொண்டிருந்தாள்.

"யாரோட பேசறே?"

"பெரியம்மாவோட. அவங்களுக்குக் கோபமே இல்லையாம், அம்மா. சும்மா நடிச்சாங்களாம்."

அடுப்புக்குப் பக்கத்திலிருந்த முக்காலியைக் காட்டினாள். முக்காலியில் ஒருவரும் இல்லை. பிள்ளையின் தலைமுடி வகிடெடுத்து இறுக்கமாகப் பின்னியிருந்தது. நான் அன்றைக்கு அவள் தலையில் சீப்பே வைக்கவில்லை.

அக்காவுக்கு போன் போட்டேன்.

"சாப்பிட்டியா மனாங்?"

"சாப்பிட்டேன்."

"மழை பெய்யுதா?"

"பெய்யுது."

"ஏதாவது வேணுமா? சொல்லு."

"ஒண்ணும் வேணாம்."

கூரை ஒழுகுவதைப் பற்றியே ஒரு மணி நேரம் அழுகிறவள் அவள். நான் மறுபடி ஏதாவது கேட்கும்வரை அந்தப் பக்கம் மழைச்சத்தம் மட்டும் கேட்டது. 'வைக்கட்டுமா' என்றேன். 'வை' என்றாள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. முக்காலியைப் பார்த்து வாயைத் திறந்து, போ மனாங், எனக்கு உன்னைப் பிடிக்கல என்று நான் சொல்ல வேண்டும். எத்தனையோ தடவை சொல்லவும் போனேன். அப்போதெல்லாம் அங்கே யாரோ தாழ்ந்த குரலில் பாடுவார்கள். அம்மா போன பிறகு என்னைத் தூங்கவைக்க அவள் பாடிய அதே பாட்டு.

சனிக்கிழமை ஊருக்குப் போய் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாமா என்று ரோடெல் கேட்டான். மழை விடட்டும் என்றேன். ஜூலையில் பகியோவில் மழை விடாது என்று அவனுக்கும் தெரியும்.