நீலம் பாரித்த டிக்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் தங்கசாமி அண்ணாச்சி, கடையில் உட்கார்ந்த நாள் முதலாக யாருக்கும் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. சொல்லாமலே ஊர்ப்பட்ட பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கோயில் கொடைக்கு வசூல் கேட்டு வந்தால், "பாப்போம் வே." கட்டுப்படியாகாத விலை கேட்டால், "டீ சாப்பிடுதீயளா?" வேண்டாத ஆளைக் கணக்குப்பிள்ளையாகச் சேர்க்கச் சிபாரிசு வந்தால், "மழைக்காலம் கழியட்டும்." பம்பாயில் மழைக்காலம் கழிவதற்குள் சிபாரிசு செய்தவனுக்கே மறந்துபோகும். மாட்டேன் என்பது கதவைச் சாத்துகிற சொல், வியாபாரி கதவை ஒருக்களித்து வைக்க வேண்டுமே தவிரச் சாத்தக் கூடாது என்பது அவர் கட்சி.

மிளகாய் வியாபாரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. தரகர் விலை சொல்லும்போது காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால், சம்மதம் என்று பொருள். சரக்கு வண்டியில் ஏறிவிடும். அதனால் பிடிக்காத விலை வரும் வேளையில் அண்ணாச்சி மூட்டையைத் தட்டிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் தும்முவார். பிறகு, "என்னது? கேக்கலையே" என்பார். மிளகாய்க் கடையில் தும்மலைச் சந்தேகப்பட யாரால் முடியும்?

அவருடைய ஒரே மகள் ஹரிதா ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். புது ஃபோன் வாங்கியதும் தன் பழைய டச் ஃபோனை அப்பாவுக்குக் கொடுத்தாள். முதல் மாதம் அது அவரைப் படாத பாடு படுத்தியது. வற்றல் பொடி அப்பிய விரலை அந்தக் கண்ணாடி மதிக்கவே இல்லை. கொத்தமல்லி வியாபாரியைக் கூப்பிட விரலை வைத்தால் கோயம்புத்தூர்த் தரகர் எடுத்தார். ஒருநாள் ஃபோனைத் தேய்த்த விரலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஆனாலும் வியாபாரி அல்லவா, பிடி கிடைத்துவிட்டது. ஃபோன் ஹேங் ஆனால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை உருவி, ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பப் போட வேண்டும். மெமரி நிறைந்துவிட்டால் குட்மார்னிங் படங்களை அழிக்க வேண்டும். அதில் முருகன் படம் இருந்தால் முதலில் கன்னத்தில் போட்டுக்கொள்வார், பிறகு அழிப்பார்.

வாட்ஸ்அப் மட்டும் அவருக்கென்றே செய்தது போல இருந்தது. அனுப்பியவனுக்கு இரண்டு சாம்பல் நிற டிக் தெரியும். சேதி வந்து சேர்ந்தாயிற்று, அவ்வளவுதான். படித்தானா இல்லையா என்பது படித்தவனுக்கும் பகவானுக்கும் மட்டுமே வெளிச்சம். நிதானமாகப் படித்துவிட்டு, மறுநாள் ஆளைப் பார்க்கும்போது, "அப்படியா? நான் பாக்கலையே" என்று முடித்துவிடலாம். தும்ம வேண்டிய அவசியம்கூட இல்லை.

அந்தச் சுகம் தீபாவளி வரைக்கும் நீடித்தது.

தீபாவளி கழிந்த கையோடு, செம்பூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மச்சான் ஹரிகிருஷ்ணனிடமிருந்து ஒரு சேதி வந்தது. மச்சான் என்றால் மனைவி மகேஸ்வரியின் கூடப் பிறந்த அண்ணன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தார். அண்ணாச்சி கூட்டிக் கூட்டிப் படித்தார்.

'மாப்ளே, ஹரிதாவை எங்க மாதவுக்குக் கேக்குறது முறை. கேட்டுட்டேன். வேண்டாம்னா சொல்லிருங்க. ஒண்ணும் சொல்லலேன்னா சம்மதம்னு எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வெத்தலை பாக்கோட வாரோம்.'

மாதவ் என்றால் மச்சானின் மகன். மாதவ் பேச்சு வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை ஜாடையாக வந்து, ஹரிதா அதைத் தமிழ், இந்தி, இங்கிலீஷ், மராட்டி நான்கிலும் மறுத்திருந்தாள். "சின்னதுல என் ரப்பரைத் தின்னவன்பா அவன். அவனைப் பாத்தா எனக்கு அந்த ரப்பர்தான் ஞாபகம் வருது." இதற்குமேல் அப்பன் என்ன பேச முடியும்?

ஆனால் மச்சானிடம் மாட்டேன் என்று சொன்னால் மகேஸ்வரியின் பிறந்த வீட்டு வாசல் அடைந்துபோகும். ஆகவே அண்ணாச்சி தன் பழைய மருந்தையே எடுத்தார். பார்க்கவில்லை என்று இருந்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்கேயாவது கிளம்பிவிடுவது.

இதை அவர் ரகசியமாகச் சொன்னபோது ஹரிதா ஃபோனை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அரே அப்பா! இப்ப ப்ளூ டிக் வந்திருச்சு. நீங்க படிச்ச உடனே மாமாவோட ஃபோன்ல ரெண்டு டிக்கும் நீலமாயிருக்கும். மாமாவுக்குத் தெரியும்."

"என்னைக்கு வந்துது?"

"இந்த வாரம்தான்."

"யாரைக் கேட்டு வந்துது?"

"நோ சொல்லுங்கப்பா, அவ்வளவுதான். உங்களால முடியலேன்னா நானே மாமாகிட்டச் சொல்லிருவேன்."

"எம்மா, ரெண்டு நாள் குடு," என்று கும்பிட்டார் அண்ணாச்சி. பெண்ணே நேரில் தாய்மாமனுக்கு மறுப்புச் சொன்னால் அது செம்பூரைத் தாண்டித் திருநெல்வேலி வரைக்கும் போகும். பாத்திரத்தில் பேர் வெட்டியது மாதிரி நிலைத்துவிடும்.

மறுநாள் காலை, நாலு கடை தள்ளி மொபைல் ரிப்பேர் நடத்தும் ஷாகுல் ஹமீதிடம் போனார். மேலப்பாளையத்துக்காரன். ஃபோனுக்கு எந்த வியாதி வந்தாலும் அவன் முதலில் புதுக் கண்ணாடி ஒட்டச் சொல்லுவான்.

"வாங்க அண்ணாச்சி. டச் போயிட்டா? புதுக் கண்ணாடி ஒட்டிருவமா?"

"கண்ணாடி கிடக்கட்டும். இந்த நீலத்தை எடுக்கணும் வே."

விஷயத்தைக் கேட்டதும் ஷாகுல் உதட்டைப் பிதுக்கினான். "விழுந்த நீலம் விழுந்ததுதான் அண்ணாச்சி. அது உங்க ஃபோன்ல இல்ல, அவிய ஃபோன்லல்லா இருக்கு."

"பேட்டரியைக் கழத்தி மாட்டினா?"

"உங்க பேட்டரியைக் கழத்தினா அவிய ஃபோன்ல எப்படிப் போகும்?"

அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேரம் தொடங்கியது. "சரி, ரெண்டு வேண்டாம். ஒரு டிக்கையாவது பழையபடி சாம்பலாக்கிக் குடு."

"ஒண்ணு நீலம் ஒண்ணு சாம்பல்னு கிடையாது அண்ணாச்சி."

"கொஞ்சம் வெளிறினாப்லயாவது? பாத்தா நீலமா சாம்பலான்னு சந்தேகம் வரணும். அது போதும் எனக்கு."

"அண்ணாச்சி, இது என்ன சாயப் பட்டறையா?"

கடைசியில் ஷாகுலே ஒரு வழி சொன்னான். மச்சானை நேரில் பார்த்தாலோ ஃபோனில் கூப்பிட்டாலோ அவர் எதிர்ப்பேச்சுப் பேசுவார், அண்ணாச்சி மடங்கிவிடுவார். குரலைப் பதிந்து அனுப்பிவிட்டால் குறுக்கே பேச ஆளில்லை. "இந்த மைக் படத்தை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசணும். பேசி முடிச்சதும்..." என்று தொடங்கியவன், கையோடு ஒரு கண்ணாடியையும் உறையிலிருந்து உருவினான். கண்ணாடியைக் கண்டதும் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "போதும் வே, புரிஞ்சுட்டு." கடைக்காரன் சரக்கை உறையிலிருந்து உருவிவிட்டால் பாதி விற்ற மாதிரி என்று அவருக்கா தெரியாது?

கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே ஆளில்லாத மூலையில் உட்கார்ந்து ஒத்திகையை ஆரம்பித்தார். எந்தச் சரக்கையும் வெளியே எடுக்குமுன் உள்ளே பதம் பார்த்துக்கொள்வது அவர் பழக்கம். மைக் படத்தை அமுக்கினார்.

"மச்சான், சௌக்கியமா? ஜாதகம் பாத்தோம். பொருந்தலை." கையை எடுத்தார். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால்? ஒரு பேர் சொல்ல வேண்டுமே. இது இடிக்கும். மறுபடி அமுக்கினார்.

"மச்சான், ஹரிதாவை அமெரிக்கா அனுப்புதாவ. போனா வர வருசக்கணக்காகும்..." ஒரு தும்மல். "சே, மாதவும் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டுத்தான் நிக்கான். கூடவே கிளம்பிருவான்." கையை எடுத்தார்.

"மச்சான், சொந்தத்துல கட்டினா பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு டாக்டர்மாரு சொல்லுதாவ." இது நன்றாக விழுந்தது. கையை எடுக்கப் போகும்போதுதான் நினைவு வந்தது. "அட, மகேஸ்வரியும் எனக்கு அத்தை மகளாச்சே! ஹரிதாவுக்கு என்ன ஆச்சு, நல்லாத்தானே இருக்கா?"

இப்படியே ஒன்று விட்டு ஒன்று. தும்மலோடு சில, தும்மல் மட்டுமே சில. கடைசியில் சலித்துப்போய், படத்தை அமுக்கியபடி தனக்குத்தானே பேசினார்.

"எதுக்கு இத்தனை பொய்? மாதவ் தங்கமான பையன். எம் பிள்ளைக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான். இதை மச்சான்கிட்டச் சொல்ல எனக்கு வக்கு இல்ல. மகேஸ்வரிகிட்டச் சொல்ல அதைவிட வக்கு இல்ல. பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சா அவ என்னை மிளகாயே இல்லாம வறுத்திருவா."

கையை எடுத்துத் திரையைப் பார்த்தார். அவர் பேசியதெல்லாம் பச்சைப் பட்டைகளாக ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் இரண்டு டிக். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஒவ்வொன்றாக நீலம் பாரித்தன, பாம்பு தீண்டின உடம்பு மாதிரி.

கையை எடுத்ததும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதைத்தான் ஷாகுல் சொல்ல வந்திருக்கிறான்.

பதறிப்போய் அத்தனையையும் அழித்தார். திரை சுத்தமானது. 'அப்பாடா' என்று வேட்டியால் முகத்தைத் துடைத்தார். முருகன் படங்களை அழித்த கை அல்லவா, அழித்தால் எல்லார் ஃபோனிலும் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. உட்கார்ந்து, அரை கிளாஸ் கட்டிங் சாய் ஒன்று வரவழைத்தார். சூடு ஆறுவதற்குள் மகேஸ்வரியின் ஃபோன் வந்தது.

"ஏங்க, அண்ணன் அப்பவே வந்து உக்காந்திருக்காவ. உங்க குரலைச் சத்தமா வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்காவ. நீங்க என்னத்துக்கு இத்தனை தும்மல் தும்மியிருக்கீய?"

அண்ணாச்சி சுனாபட்டியில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓடினார். கூடத்தில் ஹரிகிருஷ்ணன் சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். பாத்திரக்கடைக்காரர், எதையும் மெதுவாகச் செய்து பழக்கமில்லை. டீப்பாய் மேல் அவர் ஃபோன் முழு ஸ்பீக்கரில், '...மிளகாயே இல்லாம வறுத்திருவா' என்று அண்ணாச்சியின் குரலில் முடித்துக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் மகேஸ்வரி, கையில் கரண்டியோடு நின்றாள்.

"மச்சான்..." என்றார் அண்ணாச்சி. அதற்குமேல் தும்மல்கூட வரவில்லை.

ஹரிகிருஷ்ணன் எழுந்து வந்தார். அண்ணாச்சி ஒரு அடி பின்வாங்கினார். வந்த மனிதர் அவரைக் கட்டிக்கொண்டார்.

"நல்ல வேளை மாப்ளே! எம் வயித்துல பாலை வார்த்தீய. நீலம் விழுந்த நேரத்துல இருந்து எனக்கு உறக்கம் இல்ல. படிச்சிட்டாரு, பேச்சில்ல. அப்ப சம்மதம்தான்னு எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு."

"நீங்கதானே மச்சான் கேட்டீய?"

"முறைக்குக் கேட்டேன் மாப்ளே! மாதவு ஆபீஸ்ல ஸ்மிதான்னு ஒரு மராட்டிக்காரப் பிள்ளையைப் பாத்து வச்சிருக்கான். அதைக் கட்டுததுக்கு முன்னால தங்கச்சி வீட்டுல ஒரு வார்த்தை கேக்காம இருந்தா நாளைக்கு யாரும் என் முகத்துல முழிப்பாவளா? நீங்க எதையும் முதல் கேள்விக்குக் குடுத்த ஆளு கிடையாது. அந்தத் தைரியத்துலதான் 'ஒண்ணும் சொல்லலேன்னா சம்மதம்'னு விறைப்பா ஒரு வரி போட்டேன். நீங்க என்னடான்னா சத்தமே காட்டலை."

கேட்டதும் அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. வந்த உயிர் ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, பிறகு சுருக்கென்றது. விற்க மனமில்லாத சரக்குத்தான். அதற்காக, வாங்க மனமில்லாமலா ஒருவன் விலை கேட்பது?

"மச்சான், ஒண்ணு கேக்கேன். எம் பிள்ளைக்கு என்ன குறை?"

"குறைன்னு யாரு சொன்னா?"

"பின்ன நெஞ்சு எதுக்கு அடைச்சுது?"

"மாப்ளே, வேண்டாம்னு சொன்னது நீங்க!"

"எங்க தரப்பு வேற, உங்க தரப்பு வேற. எங்க வீட்டுப் பொண்ணு உங்களுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரியா இருக்கா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் மகேஸ்வரி. கரண்டியை டீப்பாய் மேல் வைத்தாள். ஃபோனுக்குப் பக்கத்தில் அது ஆயுதம் மாதிரி இருந்தது.

"அண்ணே, என் மகளைக் கேக்கணும்னா என்கிட்டல்லா கேக்கணும்? ஃபோன்ல கேட்டீய, இவரு ஃபோன்ல தும்மினாரு. நாளைக்கு ஊர்ல, 'உங்க அண்ணன் உன் மகளைக் கேட்டாரா?'ன்னு நாலு பேரு கேட்டா நான் என்ன, டிக்கையா காட்டுவேன்? எந்திரிச்சு நின்னு முறையாக் கேளுங்க. நானே பதில் சொல்லுதேன்."

"இப்பவா தாயி?"

"இப்பத்தான்."

ஹரிகிருஷ்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். மகேஸ்வரியின் கூடையில் கிடந்த வெற்றிலையில் இரண்டை எடுத்து ஒரு தட்டில் வைத்து ஏந்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "மகேசு, உன் மகளை எம் மகனுக்குக் கேட்டு வந்திருக்கேன். குடுப்பியா?" என்றார்.

மகேஸ்வரி தட்டைப் பார்த்தாள். பதில் வரவில்லை. தன்னிடம் முறையாகக் கேட்ட பெருமையை அவள் கொஞ்ச நேரம் வைத்து ருசிக்கிறாள் என்பது இரண்டு ஆண்களுக்கும் விளங்கவில்லை. ஒருவேளை மனசு மாறுகிறாளோ? ஐரோலியிலிருந்து மகள் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அண்ணாச்சி வாசலைப் பார்த்தார். ஹரிகிருஷ்ணன் தட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகத்தில் அந்த நிமிடம் அவர்களைப் போல ஒற்றுமையான சம்பந்திகள் கிடையாது.

"மாட்டோம் அண்ணே," என்றாள் மகேஸ்வரி, தெளிவாக. "குடுக்க முடியாது."

ஹரிகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். அது வருத்தம் மாதிரிக் கேட்கட்டும் என்று பாதியிலேயே அதைத் திருத்திக்கொண்டார். "ஏன் தாயி? கேட்டதுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டாமா?"

"அதான் இவரு உங்க ஃபோன்ல அனுப்பியிருக்காருல்லா. அதுல எது வேணுமோ எடுத்துக்கிடுங்க."

ஹரிகிருஷ்ணன் ஃபோனை எடுத்துச் சரக்குப் பார்ப்பது போல் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஜாதகத்தை எடுத்துக்கிடுதேன் மாப்ளே," என்றார். "அமெரிக்கான்னா எம் வீட்டுக்காரி ஆறுமுகத்தாய் நம்ப மாட்டா."