ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தாறு

அந்தக் கூட்டத்தில் கல்வி அதிகாரி ஒவ்வொரு பள்ளியின் பெயராகச் சொல்லி, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று வாசித்துக்கொண்டே வந்தார். காரைக்காலை ஒட்டியிருந்த அந்த அரசு உயர்நிலைப்பள்ளியின் முறை வந்தபோது நிறுத்தினார்.

"பாதிக்கு மேல ஃபெயிலு. அதுவும் கணக்குலதான். யாரு கணக்கு டீச்சர்?"

செல்லம்மா எழுந்து நின்றாள். முப்பத்தெட்டு வயது, பதினான்கு வருட சர்வீஸ். அதிகாரி வேறொன்றும் கேட்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. அடுத்த மூன்று பள்ளிகளின் கணக்கை வாசித்து முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். 1984 ஜூலையில் நடந்தது இது.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் அறுபத்து மூன்று பேர். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தாள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் இளையபெருமாள் மதிப்பெண் பட்டியலை மேசையில் விரித்துவைத்து, ஏழு பெயர்களின் கீழே சிவப்புக் கோடு போட்டார்.

"இந்த ஏழும் தேறாது டீச்சர். டி.சி. குடுத்து அனுப்பிட்டா மிச்சம் அம்பத்தாறு. அம்பத்தாறும் பாஸ். நாமளா அனுப்பினதா இருக்கக் கூடாது. பெத்தவங்களே எழுதிக் குடுக்கணும்."

ஏழில் ஒரு பெயர் அல்லி. மற்ற பாடங்களில் எல்லாம் தேறியிருந்தாள். கணக்கில் மட்டும் இருபத்தெட்டு.

"சார், அல்லி கொஞ்சம் பாத்தா வந்துருவா" என்றாள் செல்லம்மா.

"வரலன்னா? மறுபடியும் போய் நிப்பீங்களா?"

செல்லம்மா பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மற்ற ஆறு பேரின் பெற்றோரிடம் தலைமையாசிரியரே பேசிக்கொண்டார்; சனிக்கிழமை காலை செல்லம்மா பஸ் ஏறி அல்லியின் ஊரான நெடுங்காட்டுக்குப் போனாள். அல்லியின் அம்மா பூவாயி வயல் வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை. டீச்சரைக் கண்டதும் பதறிப்போய், பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து போட்டாள்.

"ஒக்காருங்க டீச்சரம்மா. அல்லி மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருக்கு. நல்லாப் படிக்கிதா எம்புள்ள?"

"படிக்கிறா. கணக்குதான் கொஞ்சம் சிரமப்படுறா. இந்த வருஷம் எழுதி ஃபெயிலாயிட்டா மனசு விட்டுப்போயிடும் பாருங்க. நிதானமாப் படிச்சு அடுத்த வருஷம் எழுதினா நல்லா வந்துருவா."

"நீங்க சொன்னா சரிதாங்க."

செல்லம்மா பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். முதல் நாள் பள்ளியிலேயே எழுதி வைத்தது. என் மகள் அல்லிக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால் தேர்வு எழுத இயலாது, எனவே மாற்றுச் சான்றிதழ் தந்து உதவ வேண்டுகிறேன், இப்படிக்கு பூவாயி.

"இதுல என்னங்க எழுதியிருக்கு?"

"நான் சொன்னதுதான்" என்றாள் செல்லம்மா.

பூவாயி விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, செல்லம்மா நீட்டிய மையில் தொட்டுக் காகிதத்தில் அழுத்தினாள். டீச்சர் வெறுங்கையோடு போகக் கூடாதென்று முருங்கைக்காய் நான்கைப் பறித்துக் கொடுத்தாள். செல்லம்மா அதையும் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அல்லியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சான்றிதழைக் கொடுத்தார்கள். பையை எடுக்க வகுப்புக்கு வந்தவள் வாசலில் நின்று டீச்சரையே பார்த்தாள். செல்லம்மா கரும்பலகைப் பக்கம் திரும்பி, போட்டு முடித்த கணக்கையே மறுபடி எழுதினாள். அவள் திரும்பிப் பார்த்தபோது வாசல் காலியாக இருந்தது.

தேர்வு முடிவு வந்தது. ஐம்பத்தாறு பேர் எழுதி ஐம்பத்தாறு பேரும் தேறியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் எந்தப் பள்ளியிலும் அப்படி இல்லை. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் செல்லம்மாவைக் கும்பிட்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பூவாயி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செல்லம்மா அப்போது அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் எழுதலாம்னு டீச்சரம்மா சொன்னாங்க. சேத்துக்குங்க சாமி."

"டி.சி. வாங்கிட்டுப் போனவங்கள மறுபடி பத்தாவதுல சேக்க முடியாதும்மா" என்றார் இளையபெருமாள். "பிரைவேட்டா எழுதிக்கட்டும். ஒடம்பு சரியில்லன்னு நீதானே எழுதிக் குடுத்த?" ஃபைலைத் திறந்து காகிதத்தை நீட்டினார்.

அல்லிதான் வாங்கிப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். அந்தக் கையெழுத்தை இரண்டு வருடமாகக் கரும்பலகையில் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டவள் அவள்.

"எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்" என்றாள்.

செல்லம்மா பதிவேட்டின் மேல் குனிந்துகொண்டாள்.

பூவாயி மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடு. டீச்சரம்மாவ ஏன் கேக்குற? நாந்தான் கைநாட்டு வெச்சேன். படிக்கத் தெரியாத முண்டம் நானு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்கம்மா."

அவர்கள் போன பிறகும் செல்லம்மாவின் காது மடல் எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் நிற்க வைத்த அன்றுகூட இப்படி எரியவில்லை.

ஜூலையில் பாராட்டு விழா நடந்தது. அதே அதிகாரி அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் மேடை ஏறியிருந்தாள். மைக்கின் முன்னே நின்றதும், "எல்லாருக்கும் நன்றி" என்பதற்கு மேல் வரவில்லை. கை தட்டினார்கள். இறங்கிவிட்டாள்.

பூவாயியிடமாவது சொல்லிவிடலாம் என்று, இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் நெடுங்காடு பஸ்ஸில் ஏறினாள். நடவு முடித்துத் திரும்பும் பெண்களால் பஸ் நிறைந்திருந்தது. சேறு காயாத கால்களோடு பூவாயி ஒரு சீட்டில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அல்லி, அவள் காலிலும் சேறு. டீச்சரைப் பார்த்ததும் பூவாயி எழுந்துவிட்டாள்.

"இங்க வாங்க டீச்சரம்மா, ஒக்காருங்க."

"வேண்டாங்க, நீங்க ஒக்காருங்க."

"அட, நீங்க நிக்கிறதா?"

அல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். செல்லம்மாவால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். வீடு வரை நடந்தே போனாள். போனதும் விளக்குகூடப் போடாமல், இருந்த வெளிச்சத்திலேயே அதிகாரிக்குக் கடிதம் எழுதினாள். அல்லிக்கு எந்த நோயும் இல்லை, அந்த விண்ணப்பத்தை நான் எழுதினேன், அதில் இருந்ததைப் படித்துக் காட்டாமல் தாயிடம் கைநாட்டு வாங்கினேன். இந்த முறை கீழே தன் பெயரைப் போட்டாள்.

விசாரணை வந்தது. மெமோ வந்தது. இளையபெருமாள் அவளோடு பேசுவதை நிறுத்தினார். "நீங்களும் நின்னீங்க, என்னையும் நிக்க வெச்சிட்டீங்க" என்று ஒரு தடவை மட்டும் சொன்னார். வருட முடிவில் அவளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே கீழ் வகுப்புகள்தான் கொடுத்தார்கள். அல்லியைப் பள்ளியில் சேர்க்க அதற்குள் காலம் கடந்துவிட்டது. தனியாக எழுதலாம் என்று மட்டும் பதில் வந்தது.

கடிதம் அனுப்பிய மறுவாரமே செல்லம்மா அந்த வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் பூவாயியிடம் சொன்னாள். பூவாயி முற்றத்தில் கிடந்த புல்லை அள்ளி மாட்டுக்குப் போட்டாள். பிறகு, "நீங்க படிச்சவங்க. என்னமோ நெனச்சு செஞ்சிருப்பீங்க" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அல்லிக்கு நான் கணக்கு சொல்லித்தர்றேன். தெனமும் வர்றேன்."

உள்ளேயிருந்து அல்லி வந்தாள். "வேண்டாம் டீச்சர். சுரக்குடியில தியாகராசன் சார்கிட்ட போறேன்."

குரலில் மரியாதை குறையவில்லை. செல்லம்மா தலையாட்டிவிட்டு வந்தாள்.

அந்த வருடம் அக்டோபரில் எழுதிய தேர்வில் அல்லி கணக்கில் மட்டும் நான்கு மதிப்பெண்ணில் தவறினாள். மறு வருடம் மார்ச்சில் தேறினாள். செய்தித்தாளில் தனித்தேர்வர் எண்களைத் தேடுவதற்கு அவளுடைய எண் செல்லம்மாவுக்குத் தெரியாது. தியாகராசன் சாரிடம் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். கணக்கில் ஐம்பத்திரண்டு வாங்கியிருந்தாள்.

1987-இல் ஒரு நாள் காலை காரைக்கால் பேருந்து நிலையத்தில் அல்லியைப் பார்த்தாள். தாவணி போய்ப் புடவைக்கு மாறியிருந்தாள். கையில் டைப்ரைட்டிங் புத்தகம்.

"வணக்கம் டீச்சர்."

"நல்லா இருக்கியா அல்லி? அம்மா சௌக்கியமா?"

"நல்லாருக்கு டீச்சர்."

பஸ் ஒன்று வந்து நின்றது. அல்லி திரும்புவதற்குள் செல்லம்மா சொன்னாள்: "ஒங்கிட்ட நான் நேர்ல கேட்டதே இல்லம்மா. என்ன மன்னிச்சிரு."

அல்லி புத்தகத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா அப்பவே மன்னிச்சிருச்சு டீச்சர்" என்றாள். பிறகு பஸ்ஸில் ஏறி உள்ளே போனாள்.

தனக்கும் அப்படித்தான் என்று அவள் சொல்லவில்லை. செல்லம்மா அதைக் கேட்கவும் இல்லை. பள்ளியில் முதல் மணி அடிக்க நேரமாகிக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன்னுடைய பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.