முதலில் விட்டது யார்?

மாலை நான்கு இருபது. ஐந்து மணிக்குள் யாராவது ஒருவருக்கு மனசு லேசாக வேண்டும். இல்லையென்றால் சிஜோவின் மையத்துக்குப் பூட்டு.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய கட்டடம். கீழே ரெடிமேட் கடை, அதற்கு மேலே பல் டாக்டர், அதற்கும் மேலே 'ஏழுபடி மூச்சகம்'. குவைத்தில் ஒன்பது வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்த சிஜோ, கோவையில் பத்து நாள் பயிற்சி எடுத்து, கிளை லைசென்ஸ் வாங்கி, பாய் விரித்து உட்கார்ந்து ஆறு மாதம் ஆகிறது. வந்தவர்கள் மூச்சை இழுத்தார்கள், பிடித்தார்கள், விட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பழையபடி சண்டை போட்டார்கள்.

தலைமையகம் கறாராக இருந்தது. ஆறு மாதத்தில் ஒரு 'மன விடுதலை'யாவது வீடியோவில் பதிவாக வேண்டும். அழுகையோ சிரிப்போ, மனசுக்குள் அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று வெளியே வந்ததற்குச் சாட்சி வேண்டும். அதைப் பார்க்கத்தான் கோவையிலிருந்து நந்தனா வந்திருந்தாள். இருபத்தாறு வயது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் கம்பெனி சொல்லிக்கொடுத்த புன்னகை.

எதிரே பாயில் இரண்டே பேர். ஆன்ட்ரூஸ், ஞானதாசன். இருவருக்கும் ஊர் இனயம், வயது ஐம்பதுக்கு மேல். கடலுக்கடியில் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை முங்கி எடுப்பது தொழில். ஆட்டுக்கால் பாறையில் முதன்முதலில் முங்கியது யார், அது யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்து, பேச்சு நின்று நான்கு வருஷம். ஆனால் கடலுக்குப் போகும் வள்ளம் ஒன்றுதான். ஒருவர் முங்கினால் மற்றவர் வள்ளத்தில் காவல். முங்கியவர் நேரம் தாண்டினால் காவல்காரர் குதித்து, முடியைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். நான்கு வருஷத்தில் ஆன்ட்ரூஸை மூன்று தடவையும் ஞானதாசனை ஐந்து தடவையும் இப்படித் தூக்கியாயிற்று. தூக்கியவர் ஒரு வார்த்தை பேசவில்லை; பிழைத்தவரும் வாயைத் திறக்கவில்லை.

பொறுத்துப் பார்த்த பங்குத்தந்தை, ஆடி மாதக் கடல் கொந்தளித்து இருவரும் சும்மா இருக்கிற நேரம் பார்த்து இங்கே அனுப்பிவிட்டார்.

"சாரே," என்றார் ஆன்ட்ரூஸ், "அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லும். எனக்க பாயில அவனுக்க முட்டு இடிக்கி."

"சாரே, பாய் இவனுக்க அப்பன் முடைஞ்சதான்னு கேளும்," என்றார் ஞானதாசன்.

சிஜோ கடிகாரத்தைப் பார்த்தான். நாலு இருபத்தெட்டு. பயிற்சிப் புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியம் வாயில் வந்து விழுந்தது.

"அண்ணன்மாரே, கண்ணை மூடுங்க. மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. உள்ள இருக்கிற கோபம் கரையுற வரைக்கும் பிடிங்க. யாருக்குக் கோபம் கரைஞ்சுதோ அவங்க விடலாம்."

மற்றவர்களுக்கு இது பத்து விநாடிச் சமாசாரம். போன மாதம் பல் டாக்டரின் மனைவி பன்னிரண்டாவது விநாடியில் "கரைஞ்சு போச்சு" என்று எழுந்து போயிருக்கிறார்.

இவர்களுக்கு அப்படியில்லை. மூச்சை விட்டால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். கோபம் தீர்ந்தது என்றால் பாறை அடுத்தவனுக்கு.

ஒரு நிமிடம். இருவர் முகத்திலும் அசைவில்லை. "அருமை," என்று முணுமுணுத்து நந்தனா வீடியோவை ஓடவிட்டாள்.

ஒன்றரை. ஆன்ட்ரூஸ் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார். ஞானதாசனும் அதே நேரம் ஒரு கண்ணைத் திறந்திருந்தார். இரண்டு கண்ணும் முறைத்துக்கொண்டன.

இரண்டு. "போதும் அண்ணன்மாரே, விடலாம்." ஞானதாசன் விரலை ஆட்டினார். முடியாது.

இரண்டரை. சிஜோ ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான். நல்ல காற்று வந்தது. யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

மூன்று. கீழே போய் டாக்டரைக் கூப்பிடலாமா? பல் டாக்டர் வந்து எதைப் பிடுங்குவார்? ஆண்டவரே, மனசு லேசாக வேண்டாம், ஆள் பிழைத்தால் போதும்.

மூன்று ஐம்பது. ஆன்ட்ரூஸின் உதடு நீலம் பாரித்தது. தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

ஞானதாசன் பார்த்தார். கை தானாகப் போனது. ஆன்ட்ரூஸின் உச்சி முடியைக் கொத்தாகப் பிடித்து, கட்டடத்தின் இரண்டாவது மாடியில், சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், மேலே தூக்கினார்.

"மேல வாலே, சவமே!"

ஆன்ட்ரூஸ் ஹோவென்று காற்றை வாங்கினார். இருமினார். கண்ணைத் துடைத்தார்.

"ஏலே, நீ பேசிட்டே! மூச்சு விடாம எவன் பேசுவான்? நீதான் முதல்ல விட்டே! பாறை எனக்கு!"

"நீ செத்துட்டு இருந்தியேலே!"

"நான் உனக்கிட்ட வந்து சொன்னேனா? நல்ல சுகமாட்டு இருந்தேன். எதுக்குத் தூக்கினே?"

"வெள்ளத்துல தூக்கினா வாயை மூடிட்டு இருப்பே. கரையில தூக்கினா கேஸா?"

"கரையில எவனாவது முங்குவானாலே?"

சிஜோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மேடம், பேசிட்டாங்க! நாலு வருஷம் கழிச்சுப் பேசிட்டாங்க! இது மன விடுதலைதானே? எழுதுங்க மேடம்!"

நந்தனா பதில் சொல்லவில்லை.

"பிள்ளைகிட்டயே கேப்போம்," என்றார் ஞானதாசன். "வீடியோ எடுத்திருக்கு. மோளே, நீ சொல்லு. யாரு முதல்ல விட்டது?"

நந்தனா நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் உப்பி, முகம் செம்பருத்தி நிறம். புன்னகை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

ஆன்ட்ரூஸ் குனிந்து பார்த்தார். "ஏலே ஞானதாசா... இது இன்னும் விடல்ல!"

"எப்பம் பிடிச்சுதோ?"

சண்டை அந்த இடத்தில் நின்றது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். "விடு மக்களே, விடு! உனக்குப் பாறை ஒண்ணும் இல்லியே, விடு!"

அப்போது சிஜோவின் போன் அடித்தது. தலைமையகம். டைரக்டர். எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரை அழுத்திவிட்டது.

"என்ன சிஜோ, நாலரை தாண்டிருச்சு. ஏதாவது தேறுமா?"

நந்தனா விட்டாள்.

"ரெண்டு வருஷமா ஒரு நாள் லீவு கெடயாதுங்க! அம்மாவ ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போறாங்க, நான் வராந்தாவுல உக்காந்து ரிப்போர்ட் அடிச்சுட்டு இருக்கேன்! காய்ச்சல்னு மெசேஜ் போட்டா மூச்ச இழுத்து விடு, சரியாப் போயிரும்ங்கறாங்க! சிரிக்கோணும், எந்நேரமும் சிரிக்கோணும்! என்னால முடியலீங்க!"

பிறகு அழுகை. கீழே பல் டாக்டரின் டிரில் சத்தம் நின்றுபோனது.

சிஜோ கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது கதை.

"சிஜோ!" டைரக்டரின் குரல் தழுதழுத்தது. "யாருய்யா அந்தம்மா? இப்படி ஒரு விடுதலையை நான் கேட்டதே இல்லை! எந்தக் கம்பெனியில வேலை பாக்குது? மனுஷங்களை இப்படியா வாட்டுவானுங்க!"

இரண்டு வருஷத்தில் நந்தனா அவரிடம் பேசியதெல்லாம் "சரிங்க சார்" மட்டும். அந்தக் குரலை இந்தக் குரலோடு ஒட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"அது வந்து சார்..."

"உன் ஃபைல் முன்னாலதான் இருக்கு. போனை வச்சதும் கையெழுத்து. அடுத்த வாரம் நம்ம ஆண்டு விழா. அந்தம்மாவைக் கூட்டிட்டு வா, மேடையில இதே மாதிரி அழணும். பக்கத்துல நந்தனா இருக்காளா? அந்தம்மாவுக்கு ஏ.சி. கோச்சுல டிக்கெட் போடச் சொல்லு. பாவம், நொந்து போயிருக்கு."

"நந்தனாவுக்கு, சார்?"

"அவ எப்பவும்போல பஸ்ல வந்துருவா. ஆங், காய்ச்சல் கீய்ச்சல்னு சொல்லாம ரிப்போர்ட்டை இன்னைக்கே அனுப்பச் சொல்லு."

நந்தனா கண்ணைத் துடைத்தாள். அடையாள அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். நிதானமாக, அடிவயிறு வரைக்கும் மூச்சை இழுத்தாள். ஆறு மாதத்தில் அந்த அறையில் எவரும் அவ்வளவு சரியாக இழுத்ததில்லை.

"நல்லா இழு மக்களே," என்று கிசுகிசுத்தார் ஆன்ட்ரூஸ்.

"ஆனா பிடிக்காதே," என்றார் ஞானதாசன்.

சிஜோவின் கட்டைவிரல் போனை வைக்கிற சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது. இப்போது அழுத்தினால் கையெழுத்து. அழுத்தாவிட்டால் பூட்டு.

"சிஜோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் சார்," என்றான் சிஜோ. "நந்தனா மேடத்துக்கு உங்ககிட்ட என்னமோ பேசணுமாம்."

போனை அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.